ஹொக்கி அணிக்கு ஒரு பக்கம்: பயிற்றுவிப்புக் கொள்கையை எழுதுவது எப்படி

புதிதாக ஹொக்கி அணியைப் பொறுப்பெடுக்கும் ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது பயிற்சி அட்டவணையைத்தான். அடுத்தது, ஸ்ரிக் எங்கே மலிவாக வாங்கலாம் என்பது. இரண்டுக்கும் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பருவம் முடிவதற்குள் திரும்பவும் கதைப்பார்கள், அப்போது கேள்விகள் வேறு. பயிற்சிக்கு ஒழுங்காக வராத பிள்ளை நன்றாக விளையாடுகிறாள், அவளை இறக்குவதா விடுவதா? வலயப் போட்டியும் ரியூசன் பரீட்சையும் ஒரே நாளில் வருகிறது, என்ன செய்வது? ஏன் என் பிள்ளையை வெளியே இருத்தினீர்கள் என்று ஒரு தாய் பாடசாலை வாசலில் நிற்கிறார், என்ன சொல்வது? இதற்கெல்லாம் அட்டவணையில் பதில் இல்லை.

பயிற்றுநர் வகுப்புகளில் "உங்கள் பயிற்றுவிப்புக் கொள்கை என்ன?" என்று ஒரு தாள் தருவார்கள். அதில் ஒழுக்கம், விடாமுயற்சி, கூட்டுணர்வு என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்தத் தாளைக் கரப்பந்தாட்ட ஆசிரியரிடம் கொடுத்தாலும் பொருந்தும், வங்கி முகாமையாளரிடம் கொடுத்தாலும் பொருந்தும். ஒழுக்கம் வேண்டாம் என்று சொல்லும் பயிற்றுநர் யாராவது இருக்கிறாரா? யாரும் மறுக்க முடியாத ஒன்றை எழுதி வைத்தால், அது எந்த முடிவையும் எடுக்க உதவாது.

என் கணக்கில் கொள்கை என்பது கோபமும் அவசரமும் அழுகையும் வருவதற்கு முன்பே எடுத்து வைத்த முடிவுகள். அதில் ஒவ்வொரு வசனமும் யாரோ ஒருவருக்குக் கொஞ்சம் வலிக்க வேண்டும். அந்த வலி யாருக்கு, ஏன் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளிநொச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பெண் பிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்குகிற ஒரு உடற்கல்வி ஆசிரியை என்ற முறையில், நான் இதை எப்படி எழுதுகிறேன் என்று சொல்கிறேன். ஆண் பிள்ளைகளின் அணிக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

சச்சரவுகளிலிருந்து தொடங்குங்கள்

ஒரு கொப்பி எடுத்து, போன பருவத்தில் உங்களுக்கு நித்திரை வராமல் செய்த விடயங்களை எழுதுங்கள். இலட்சியம், நோக்கு, பணிக்கூற்று எதுவும் இப்போதைக்கு வேண்டாம். யாரோடு முரண்பட்டீர்கள், எதைப்பற்றி? அதிபரோடா, பெற்றோரோடா, பிள்ளைகளோடா, நடுவரோடா? பருவம் முடியாதவர்கள் பக்கத்துப் பாடசாலை ஆசிரியரிடம் கேட்டு எழுதலாம். சச்சரவுகள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: யார் இறங்குவது, யார் தலைவி, வராதவருக்கு என்ன, காயம் பட்டால் யார் முடிவெடுப்பது, தோற்றுக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது, உடை, பயணம், காசு.

பிறகு ஒவ்வொன்றுக்கும் கீழே "நான் இப்படிச் செய்வேன், ஏனென்றால்..." என்று ஒரே ஒரு வசனம். "ஏனென்றால்" வராத வசனத்தை வைத்திருக்க வேண்டாம். காரணம் தெரியாத விதியைப் பிள்ளைகள் ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளிடம் காரணம் இல்லாமல் எதையும் விற்க முடியாது.

"சந்தர்ப்பத்தைப் பொறுத்து" என்று எழுத ஆசை வரும். எழுதலாம், இரண்டு இடத்தில் மட்டும். மூன்றாவது தரம் எழுதினால் நீங்கள் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம்.

மைதானத்தை மறைக்காதீர்கள்

எப்படி விளையாடப் போகிறோம் என்பதும் கொள்கைதான். அதைத் தொலைபேசியில் பார்த்துத் தீர்மானிப்பவர்கள் நிறையப் பேர். நெதர்லாந்துப் பெண்கள் அணி 2008, 2012, 2020, 2024 ஒலிம்பிக்குகளில் தங்கம் எடுத்தது. பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள், பார்க்க வேண்டிய ஆட்டம். ஆனால் அவர்களுடைய பந்து தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் கோடு கிழித்த மாதிரி ஓடும். நம்முடைய பந்து வழியில் ஒரு கல்லைச் சந்தித்து மனதை மாற்றிக்கொள்ளும்.

தரை மாறினால் ஆட்டம் எவ்வளவு மாறும் என்பதற்கு இந்தியாவைப் பார்க்கலாம். 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கில்தான் ஹொக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்தது. இந்திய ஆண்கள் அணி எடுத்த எட்டு ஒலிம்பிக் தங்கங்களில் ஏழு அதற்கு முந்தியவை. எட்டாவது 1980இல் மொஸ்கோவில், தமிழ்நாட்டுக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வந்தது. அதற்குப் பிறகு ஒரு பதக்கத்துக்கே 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் வரை காத்திருந்தார்கள். காரணம் தரை மட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரை பெரிய காரணம் என்று சொல்லாத ஹொக்கிக்காரரை நான் சந்தித்ததில்லை.

ஆகவே உங்கள் மைதானத்தையும் காலநிலையையும் அப்படியே எழுதுங்கள். எங்களுடையது கிறவல் மண். ஐப்பசி கடைசியிலிருந்து மாரி முடியும்வரை கோல் வட்டத்துக்குள் தண்ணீர் நிற்கும். தை பிறந்தால் இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார்கள், அப்போதும் மைதானம் நமக்கில்லை. மற்றக் காலத்தில் பாதி உதைபந்தாட்டக்காரருக்கு, பாதி நமக்கு. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்றும் புழுதியும். முழு மைதானம் என்றால் 91.4 மீற்றர் நீளம், 55 மீற்றர் அகலம். அவ்வளவும் நமக்கென்று கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு.

இதை வைத்துக்கொண்டு நான் எடுத்த முடிவுகள் இவை. முதலாவது, பந்தை நிறுத்தப் பழகிய பிறகுதான் அடிக்கப் பழகுவது. கிறவலில் பந்து துள்ளும் என்பதால் ஸ்ரிக்கை நிமிர்த்திப் பிடித்து, உடம்பைப் பந்தின் கோட்டுக்கு நேரே கொண்டுவந்து, காலில் படாமல் முன்னால் நிறுத்தப் பழக்குகிறேன். ஸ்ரிக்கைத் தரையோடு படுக்கவைத்து நிறுத்தும் முறையை வலைப்பந்துத் திடலின் சீமெந்தில் தனியாகப் பழக்குகிறேன். ஏனென்றால் மாகாணத்தைத் தாண்டிக் கொழும்புக்குப் போனால் செயற்கைத் தரை. அங்கே பந்து வருகிற வேகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் திகைத்து நிற்பார்கள். சீமெந்தில் ரெனிஸ் பந்தை வேகமாகத் தள்ளிப் பழகினால் அந்தத் திகைப்புக் குறையும், கணுக்காலில் பட்டாலும் வலிக்காது. செலவும் இல்லை. மாரியில் மைதானம் சேறானாலும் இந்தப் பயிற்சி நிற்காது.

இரண்டாவது, எதிரணியின் வட்டம்வரை போய் விரட்டுவதில்லை. நடுக்கோட்டுக்குப் பின்னால் காத்திருந்து மறிக்கிறோம். பிற்பகல் வெயிலில், மாற்று ஆட்கள் குறைவான அணி, ஆட்டம் முழுக்க விரட்டினால் கடைசிக் கால்பகுதியில் ஓட முடியாமல் நடக்கும். இது பயந்த ஆட்டம் என்று சில சேர்மார் சொல்வார்கள். சொல்லட்டும்.

மூன்றாவது, பாதி மைதானம்தான் கிடைக்கும் என்றால் அதற்கேற்ற ஆட்டம் விளையாடுவது. ஐந்துக்கு ஐந்து ஹொக்கி இப்போது உலகக் கிண்ணம்வரை வந்துவிட்டது, 2024இல் ஓமானில் நடந்தது. பதினொரு பேர் ஆட்டத்தில் ஓரத்தில் நின்று வெயில் காயும் பிள்ளை இதில் தப்ப முடியாது, பந்து அவளிடம் வந்துகொண்டே இருக்கும். 16 வயதுக்குட்பட்டோருக்கு வாரத்தில் பாதி நாள் இதைத்தான் வைக்கிறேன்.

உங்கள் மைதானம் புல்லாக இருக்கலாம். முழங்காவில் பக்கம் போலக் கடற்காற்று வரலாம். அப்படியானால் முடிவுகளும் வேறாக இருக்க வேண்டும். என்னுடையதைப் பார்த்து எழுதினால் பயனில்லை.

யார் இறங்குவது

கொள்கையின் நடு முள் இதுதான். மற்ற எல்லாவற்றையும் அரைகுறையாக எழுதினாலும் இதை முழுதாக எழுதுங்கள்.

ஹொக்கியில் ஆளை மாற்றுவதற்குக் கணக்கு இல்லை. எத்தனை தரமும் மாற்றலாம், வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகலாம். பெனால்டி கோர்னர் (தடுக்கும் அணி தன் வட்டத்துக்குள் பிழை விட்டால் எதிரணிக்குக் கிடைக்கும் அடி) கொடுத்ததிலிருந்து அது முடியும்வரை மட்டும் மாற்ற முடியாது. சர்வதேச விதிப்படி ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். பாடசாலைப் போட்டிகளில் நேரத்தைக் குறைப்பதும் உண்டு. எப்படியானாலும், "இறக்க இடம் கிடைக்கவில்லை" என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல ஹொக்கிப் பயிற்றுநருக்கு வாய்ப்பே இல்லை. இறக்கவில்லை என்றால் இறக்க விரும்பவில்லை. அதை ஒத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.

நான் வயதுக்கு வயது வேறு பதில் வைத்திருக்கிறேன். 16 வயதுக்குட்பட்ட அணியில், போட்டிக்குக் கூட்டிப்போன ஒவ்வொருவரும் ஒரு முழுக் கால்பகுதியாவது விளையாடுவார். இறுதிப் போட்டியானாலும் அப்படித்தான். ஏனென்றால் விசுவமடுவிலிருந்து விடியப் புறப்பட்டு வந்து, நாள் முழுக்க வாங்கில் இருந்துவிட்டுப் போகும் பிள்ளை அடுத்த வருடம் வரமாட்டாள். நமக்கு இங்கே மாற்றாள் பஞ்சம். இன்றைக்குத் தடுமாறுகிறவள்தான் நாளைக்கு நடுப்பின்வரிசை. 20 வயதுக்குட்பட்ட அணியில் அப்படியில்லை. அங்கே அன்றைய ஆட்டத்துக்கு யார் பொருத்தமோ அவர் இறங்குவார். ஆனால் இறங்காதவருக்குக் காரணத்தை முதல் நாளே நானே நேரில் சொல்வேன். பலகையில் பெயரைப் பார்த்து அறிகிற நிலையை வைக்கமாட்டேன்.

இந்த இரண்டு பதிலுக்கும் விலை உண்டு. முதலாவதன் விலை சில கோல்கள். ஒருமுறை நாங்கள் முன்னிலையில் இருந்த ஆட்டத்தில், விதிப்படி இறங்க வேண்டிய பிள்ளையின் முறை வந்தது கடைசிக் கால்பகுதியில். இறக்கினேன். அவளுடைய பக்கத்தால்தான் சமநிலைக் கோல் வந்தது. பஸ்சில் மூத்த பிள்ளைகள் இருவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் ஒன்றும் விளக்கவில்லை, ஏற்கெனவே எழுதியிருந்தது. அதற்குப் பிறகு செய்த ஒரே மாற்றம், அப்படியான பிள்ளைகளின் முறையை முதல் இரண்டு கால்பகுதிகளுக்குள் வைப்பது. விதி அப்படியே இருக்கிறது, நேரத்தைத்தான் நகர்த்தினேன். எழுதி வைத்திருந்தால் எதை நகர்த்தலாம், எதை நகர்த்தக்கூடாது என்று பிரித்துப் பார்க்கலாம்.

கோல் காப்பாளருக்குத் தனியாக எழுதுங்கள். பல பாடசாலைகளில் கோல் காப்பாளர் உடுப்பு ஒரே ஒரு செட். அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பது சும்மா இல்லை. "ஓட முடியாதவளை கோலில் நிறுத்து" என்ற பழக்கத்தை விடுங்கள். தெரிந்தெடுத்து இரண்டு பேரைப் பழக்குங்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றுங்கள். இந்திய அணிக்கு 2021இலும் 2024இலும் வெண்கலம் கிடைத்ததில் கோல் காப்பாளர் சிறீஜேஷின் பங்கு எவ்வளவு என்று காட்டினால், அந்த இடத்துக்குப் பிள்ளைகள் தாமாகவே கை தூக்குவார்கள்.

தலைவி விடயம். நம் பாடசாலைகளில் தலைவி என்றால் உயர்தர வகுப்புப் பிள்ளை. பருவம் சூடுபிடிக்கும்போது அவளுக்குப் பரீட்சை. ரிக் சார்ல்ஸ்வர்த் பயிற்றுவித்த ஆஸ்திரேலியப் பெண்கள் அணி 1996இலும் 2000இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றது. ஒரே தலைவியில் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கக்கூடாது, பொறுப்பைப் பலர் பகிர வேண்டும் என்பது அவருடைய பெயரோடு சேர்த்துப் பேசப்படும் எண்ணம். அவர் வைத்தியர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், யோசித்துத்தான் சொல்லியிருப்பார். எனக்கு அந்த எண்ணம் பிடித்ததற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது: மூன்று பேருக்குப் பொறுப்புக் கொடுத்தால், ஒருத்தி பரீட்சைக்குப் போனாலும் அணி அநாதையாகாது. கையில் பட்டி கட்டுவது ஒருத்தி. தண்ணீரும் உபகரணமும் ஒருத்தி. புதிதாக வந்த பிள்ளைகளைக் கவனிப்பது ஒருத்தி.

வீடு, ரியூசன், வயல்

வருகைக்கு விதி எழுதும்போது நகரத்துப் பாடசாலையின் விதியைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். வட்டக்கச்சியிலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளைக்கும், பரந்தன் சந்தியில் பஸ் மாறி வரும் பிள்ளைக்கும், மைதானத்துக்குப் பக்கத்திலேயே வீடுள்ள பிள்ளைக்கும் "நாலு மணிக்கு நில்" என்பது ஒரே கட்டளை அல்ல. அறுவடை நேரத்தில் வீட்டில் ஆள் தேவை. தாய் மட்டும் உழைக்கிற வீடுகள் இங்கே நிறைய. அந்த வீட்டில் மூத்த பெண் பிள்ளைதான் தம்பி தங்கையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவருபவள். சில ஊர்களில் பொழுதுபட்டால் யானைப் பயம் வேறு.

என் விதி இரண்டு வசனம். வராமல் விட்டதற்குத் தண்டனை இல்லை. சொல்லாமல் வராமல் விட்டால் அடுத்த ஆட்டத்தில் முதல் பதினொருவரில் இல்லை, மாற்றாளாக வரலாம். இது நட்சத்திர ஆட்டக்காரிக்கும் ஒன்றுதான். அவளுக்காக ஒருநாள் வளைத்தீர்கள் என்றால் அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம்.

பயிற்சி எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் கொள்கையில் எழுதுங்கள். அதை நேரசூசியில் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பெண் பிள்ளைகளின் அணியை வைத்திருந்தவர்களாக இருக்கமாட்டார்கள். கடைசி பஸ் தவறாமல் இருந்தால்தான் பெற்றோர் பிள்ளையை விடுவார்கள். ஆட்டம் சுவாரசியமாகப் போகிறது என்று பத்து நிமிடம் கூட்டினால், அடுத்த நாள் இரண்டு பிள்ளைகள் குறையும்.

ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுப்பதில்லை என்பது என் இன்னொரு முடிவு. ஏற்கெனவே கிலோமீற்றர் கணக்கில் சைக்கிள் மிதித்து வந்தவளை "மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்ட்" என்று விரட்டினால், ஓடுவது கெட்ட பிள்ளைகளுக்கு உரியது என்றுதான் மற்றவர்கள் படிப்பார்கள். பயிற்சி தொடங்கமுன் யார் சாப்பிட்டார்கள் என்று பார்ப்பேன். மத்தியானம் சாப்பிடாத பிள்ளைக்கு அன்றைக்கு ஓட்டமே இல்லை, பந்து நிறுத்தும் பயிற்சி மட்டும். மாதவிடாய் நாட்களில் யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை. "ரீச்சர், இன்றைக்கு நான் புள்ளி எழுதுறன்" என்றால் போதும். ஆண் ஆசிரியர்கள் இதை ஒரு ரீச்சரின் உதவியோடு ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள், ஒழுங்கில்லாமல் விடாதீர்கள். உடை விடயத்திலும் அப்படித்தான்: பாவாடையா நீளக் காற்சட்டையா என்பதைப் பிள்ளைகளும் தாய்மாரும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். அணி ஒரே நிறத்தில் இருந்தால் எனக்குப் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் "அடி, நொறுக்கு, விடாதே, அழி" என்று கத்துவது பல மைதானங்களில் வழக்கம். இந்தப் பிள்ளைகளில் பலர் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள், ஆனால் அவர்களை வளர்ப்பவர்களும் கற்பிப்பவர்களும் அந்தப் போருக்குள்ளால் வந்தவர்கள். மைதான வேலிக்கு அப்பால் யாருடைய காதில் எது விழுகிறது என்று நமக்குத் தெரியாது. நான் விசிலும் கைச்சைகையும் பாவிக்கிறேன். ஆட்டத்தின் தரம் இதனால் குறையவில்லை. உண்மையில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் கதைப்பது கூடியிருக்கிறது.

விட்டுக்கொடுக்காதவை

ஒரு சில விடயங்களை அதிபர் கேட்டாலும் வலயப் பணிப்பாளர் கேட்டாலும் மாற்றமாட்டேன் என்று எழுதி வையுங்கள். பட்டியல் சின்னதாக இருக்கட்டும், பெரிதானால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஹொக்கிப் பந்து 156 முதல் 163 கிராம்வரை நிறையுள்ளது, கல் மாதிரி. கால் காப்பும் வாய்க்காப்பும் இல்லாத பிள்ளை உண்மையான பந்தோடு மோதல் ஆட்டத்துக்குள் வரக்கூடாது. கால் காப்பைப் பகிரலாம், வாய்க்காப்பைப் பகிர முடியாது. எத்தனை பேருக்கு இருக்கிறதோ அத்தனை பேர்தான் ஆட்டத்தில், மற்றவர்கள் ரெனிஸ் பந்தோடு பக்கத்தில். உபகரணம் வாங்கக் காசு கேட்டு எழுதும் கடிதத்தில் இந்த விதியையும் சேர்த்து எழுதினால், வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவிகளுக்கு விடயம் உடனே விளங்கும்.

பெனால்டி கோர்னர் தடுக்கும் பயிற்சியில் கவனம். கோல் காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் பின்கோட்டுக்குப் பின்னால் நின்று ஓடிவர முடியும். கோலை நோக்கிய முதல் அடி ஸ்ரிக்கை வீசி அடிக்கும் ஹிட்டாக இருந்தால் 460 மில்லிமீற்றர் உயரத்துக்கு மேலே போய்க் கோலுக்குள் புகுந்தாலும் கோல் இல்லை. ஆனால் இழுத்துத் தூக்கும் ஃபிளிக்குக்கு அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே முகக்கவசம் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளை நோக்கி நான் ஃபிளிக் பழக விடுவதில்லை. வெறும் கோலுக்குள் பழகட்டும்.

தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, வைத்தியரிடம் காட்டிய பிறகுதான் மறுபடி. பிள்ளை "ஒண்டுமில்லை ரீச்சர்" என்பாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள், அதனால்தான் முடிவை அவளிடம் விடக்கூடாது.

நடுவரோடு வாய்காட்டுவது. பச்சை அட்டை என்றால் 2 நிமிடம், மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம் வெளியே, அணி பத்துப் பேரோடு ஓட வேண்டும். வாயால் அட்டை வாங்கியவளை, அந்த நேரம் முடிந்த பிறகும் அந்தக் கால்பகுதி முழுவதும் நான் திரும்ப இறக்குவதில்லை. தெற்கே போட்டிக்குப் போகும்போது மொழி தெரியாமல் வரும் சண்டைகளும் உண்டு. ஹொக்கி நடுவரின் கைச்சைகைகள் உலகம் முழுக்க ஒன்றே. பருவத் தொடக்கத்தில் ஒரு பிற்பகல் அதற்கே ஒதுக்கி எல்லாச் சைகைகளையும் பழக்கினால், மாத்தளையில் விளையாடினாலும் என்ன பிழை என்று பிள்ளைக்குத் தெரியும். பாதிச் சண்டை அதோடு போய்விடும்.

வெற்றி

சுருக்கமாகச் சொல்கிறேன். "வெற்றி தோல்வி முக்கியமில்லை" என்று எழுதாதீர்கள். பிள்ளைகள் நம்பமாட்டார்கள், நீங்களும் நம்பவில்லை. "ரீச்சர், இதால பிள்ளைக்கு என்ன வரும்?" என்று தாய் கேட்கும்போது சான்றிதழையும் சேர்த்துத்தான் கேட்கிறார். பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டில் சாதித்தவர்களுக்கு ஒரு விசேட வழி இருப்பது உண்மை. ஆனால் அதற்கு மேல்மட்டச் சாதனை வேண்டும், உயர்தரத்தில் தேவையான தகுதியும் வேண்டும். மிகச் சிலருக்குத்தான் அது திறக்கும். "அக்கா, சான்றிதழை நம்பிப் படிப்பை விட வேண்டாம், படிப்புக்காக ஹொக்கியையும் விட வேண்டாம், பரீட்சை மாதத்தில் நானே பயிற்சியைக் குறைப்பன்" என்று நான் சொல்வேன். சொன்னபடி குறைப்பதும் உண்டு, அதுவும் தாளில் இருக்கிறது.

எந்தப் போட்டியை வெல்லப் பார்க்கிறோம், எதைப் பழகப் பாவிக்கிறோம் என்று பருவத் தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்லுங்கள். நட்புப் போட்டியில் ஆளையும் இடத்தையும் மாற்றிப் பார்க்கலாம். வலயத்திலும் மாகாணத்திலும் வெல்லத்தான் போகிறோம், மேலே நான் எழுதிய விதிகளுக்கு உள்ளே நின்று.

எழுதுவதும் வாசிப்பதும்

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மேடைத் தமிழ் வேண்டாம், பிள்ளைகளோடு கதைக்கும் தமிழில் எழுதுங்கள். என்னுடைய தாளிலிருந்து ஒரு துண்டு:

"இந்த அணியில் முதலில் பந்தை நிறுத்தப் பழகுவோம், ஏனென்றால் நம் மைதானம் பந்தைத் துள்ள வைக்கும். 16 வயதுக்குட்பட்ட அணியில் கூட்டிப்போகும் எல்லாரும் விளையாடுவார்கள். பெரிய அணியில் யார் இறங்கவில்லையோ அவருக்கு முதல் நாளே ரீச்சர் காரணம் சொல்வார். வர முடியாவிட்டால் சொல்லுங்கள், ரீச்சருக்கோ மூன்று பொறுப்பாளரில் ஒருவருக்கோ. ஐந்தரைக்குப் பயிற்சி முடியும், வென்றுகொண்டிருந்தாலும் முடியும். பிழை விட்ட பிள்ளையை ஆட்டத்தின் நடுவே யாரும் ஏசக்கூடாது, ரீச்சரும் ஏசமாட்டார். தலையில் அடிபட்டால் ரீச்சர் சொல்வதுதான் முடிவு."

எழுதியதை முதலில் மூத்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்கு வாசித்துக் காட்டி, பேனையைக் கையில் கொடுங்கள். ரீச்சர் உண்மையில் செய்யாததை அவர்கள் வெட்டட்டும். எங்கள் தாளில் "ரீச்சரும் ஏசமாட்டார்" என்பதற்குப் பக்கத்தில் ஒருத்தி கேள்விக்குறி போட்டாள். வசனத்தை நான் எடுக்கவில்லை, கேள்விக்குறியையும் அழிக்கவில்லை. பிறகு பெற்றோர் கூட்டத்தில் வாசியுங்கள். வாசிக்கும்போது யாராவது முகம் சுளித்தால் நல்லது, பருவத்துக்கு நடுவே வர இருந்த சண்டை இப்போதே வந்துவிட்டது. அதிபரிடம் ஒரு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள், காயம் பற்றிய வசனத்துக்குக் கட்டாயம்.

இரண்டு சோதனை வைத்துப் பாருங்கள். பாடசாலையின் பெயரை மறைத்துவிட்டு இன்னொரு ஆசிரியரிடம் கொடுங்கள். இது வன்னியில் உள்ள ஒரு பெண்கள் ஹொக்கி அணி என்று அவரால் ஊகிக்க முடியாவிட்டால் திரும்ப எழுத வேண்டும். அடுத்தது, போன பருவத்தில் எடுத்த மிகக் கடினமான முடிவை இந்தத் தாளை வைத்து மறுபடி எடுத்துப் பாருங்கள். தாள் பதில் சொல்லவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு வசனம் குறைகிறது. வருடத்துக்கு ஒருமுறை, மைதானம் நமக்கில்லாத மாரி மாதங்களில் உட்கார்ந்து திருத்தலாம். பருவத்தின் நடுவே திருத்த வேண்டாம், அது யாரோ ஒரு பிள்ளைக்காகத் திருத்தியதாகவே தெரியும்.

இங்கே ஆசிரியர்களுக்கு இடமாற்றம் அடிக்கடி வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில வருடம் சேவை செய்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர். அவர்களோடு அணியும் போய்விடுகிறது. அடுத்து வருபவர் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறார், பிள்ளைகளோ பழைய விதியா புதிய விதியா என்று தெரியாமல் நிற்கிறார்கள். ஆகவே தாளை அலுமாரியில் பூட்டாமல் களஞ்சிய அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பின்பக்கத்தில் எத்தனை ஸ்ரிக் இருக்கிறது, எது வெடித்தது, கோல் காப்பாளர் உடுப்பு கடைசியாக எப்போது வெயிலில் காயவிடப்பட்டது, களஞ்சியத் திறப்பு லீவு நாட்களில் யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதிவிடுங்கள். புதிதாக வரும் ஆசிரியர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.